பார்த்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கவும்

சங்கு அலறியது. காதுக்குள் வாயை வைத்து ஊதியது போல அலறியது. கிடங்குக்காரர் எழுந்த வேகத்தில் ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் மனைவியின் செருப்பையும் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சரக்குக் கிடங்கிலேயே காலம் தள்ளியவர் அவர். சங்கு என்றால் தீ, இல்லாவிட்டால் திருட்டு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

விடுதியின் எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயில் பற்பசை நுரையோடு ஓடினார். ஒரு அம்மாள் குழந்தைக்கு ஒரு கையில் மட்டும் சட்டை மாட்டி, மறு கையை வழியில் மாட்டிக்கொள்ளலாம் என்று தூக்கிக்கொண்டு ஓடினாள். யார் முகத்திலும் பயம் மட்டும் இல்லை. அதுதான் அவருக்கு முதலில் உறுத்தியது.

தீ எங்கே என்று விடுதிப் பணியாளரைக் கேட்டார். தீ இல்லை, காட்சி என்றார் அவர். காட்சி தொடங்கியதற்கான சங்கு இது, இரண்டாவது சங்கு ஊதினால் முடிந்துவிடும், சீக்கிரம் போங்கள் என்று முதுகில் கைவைத்துத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

கணவனும் மனைவியும் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததே ஒரு தனிக் கதை. நெடுநாள் உழைத்தவர்களுக்குக் கம்பெனி ஒரு பரிசு கொடுக்கும். சுவர்க்கடிகாரம் வேண்டுமா, இரண்டு பேருக்கு மலைவாசஸ்தலப் பயணம் வேண்டுமா என்று கேட்டார்கள். கடிகாரமே போதும் என்றார் கிடங்குக்காரர். விழா மேடையில் முதலாளி அதை எடுத்து நீட்டினார். இவர் வாங்கியவுடன் திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இயந்திரம் இல்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அதை உரக்கச் சொல்லியும்விட்டார். மறுநாளே மலைப்பயணம் உறுதியாகிவிட்டது.

அவர் சுபாவம் அப்படி. பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல், உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்க்காமல், சரக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லமாட்டார். அவருக்குப் பின்னால் அவரைப் ‘பிரிச்சுப்பாரு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னாலும் சில பேர் கூப்பிடுவார்கள்.

காட்சிமேடையில் கூட்டம் அலைமோதியது. கிடங்குக்காரர் முண்டியடித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் இன்னும் கொஞ்சம் வெள்ளை. காயப்போட்ட படுக்கைவிரிப்புக்குள் தலையை விட்டுப் பார்ப்பது போல இருந்தது.

மேடையின் நடுவில் மலைக்காட்சி வாரியத்தின் விளக்குநர் நின்றிருந்தார். நீண்ட கோல் ஒன்றை அந்த வெள்ளைக்குள் நீட்டி, மூவர்மலையின் மூன்று சிகரங்களையும் வரிசையாக அறிமுகம் செய்துகொண்டிருந்தார். முதல் சிகரம் கம்பீரமானதாம். நடுச்சிகரம் சாந்தமானதாம். மூன்றாவது சிகரம் வெட்கத்தில் தலை குனிந்து நிற்கிறதாம். கோல் நகர நகரக் கூட்டத்தின் தலைகளும் நகர்ந்தன. ‘ஆகா’ என்றார்கள். நுரைவாய்க்காரரும் நுரையோடு ‘ஆகா’ என்றார். ஒரு பெரியவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவதற்குள் இதைப் பார்த்துவிட்டேன் என்றார்.

"எங்கங்க இருக்கு?" என்று கேட்டார் கிடங்குக்காரர்.

"கோல் நுனியைப் பாருங்க சார்."

"கோல் நுனி தெரியுது. அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம்தான் சார் மலை" என்றார் விளக்குநர், குழந்தைக்குச் சொல்வது போல.

இவர் மனைவி பக்கம் திரும்பி, உனக்கு ஏதாவது தெரிகிறதா என்றார். எனக்குக் குளிர்கிறது என்றாள் அவள். இரண்டாவது சங்கு ஊதியது. காட்சி முடிந்துவிட்டது. எது முடிந்தது என்பதுதான் விளங்கவில்லை. முன்னால் இருந்த அதே வெள்ளை அப்படியே இருந்தது. கூட்டம் மனநிறைவோடு கலைந்து, மேடையின் பின்புறம் இருந்த புகைப்படக்காரரிடம் வரிசையில் நின்றது. அங்கே மூன்று சிகரங்கள் வரைந்த திரை ஒன்று தொங்கியது. பனிக்கு முன்னால் எடுத்தால் படம் விழாது, அதனால் எல்லோரையும் திரைக்கு முன்னால் நிறுத்தித்தான் எடுப்பது என்றார் புகைப்படக்காரர். வெட்கப்பட்ட சிகரத்துக்கு ஓவியர் கன்னத்தில் சிவப்புக்கூடத் தீட்டியிருந்தார்.

கிடங்குக்காரர் மனதில் முதல் ஆணி அங்கேதான் இறங்கியது. மலை இருந்தால் எதற்குத் திரை?

சிற்றுண்டி நேரத்தில் விடுதிக்குத் தொலைபேசி வந்தது. பேசியது மருமகன். மகளுக்கு நிறைமாதம். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மகளே வற்புறுத்தித்தான் இவர்களை அனுப்பிவைத்திருந்தாள். இப்போது வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அம்மா அப்பா இரண்டு பேரும் எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றான் மருமகன். அவள் அம்மா அடுத்த வாய் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். பையில் துணியை மடிக்காமலே திணித்தாள். மலையிலிருந்து இறங்குவதற்கு ஒரே வண்டிதான், சாயங்கால வண்டி. அதில் இடம் சொல்லிவைக்கலாம் என்று வாயிலுக்குப் போனார்கள்.

வாயில் வளைவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘இம்மலையிலிருந்து திருப்தியில்லாமல் இறங்கியவர் எவருமில்லை.’ வந்த அன்றே கிடங்குக்காரர் அதைப் படித்திருந்தார். எல்லா ஊரிலும் எழுதுகிற பெருமைதானே என்று விட்டுவிட்டார். அது பெருமை இல்லை, சட்டம் என்று இப்போதுதான் தெரிந்தது.

வண்டியில் ஏற வேண்டுமானால் மணிக்கட்டில் ஊதா முத்திரை வேண்டும். முத்திரை வேண்டுமானால் வாயிலருகே இருந்த திருப்திச் சாளரத்தின் முன் நின்று, ‘பார்த்தேன், திருப்தி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ ஒருவர் கீழே போய், மேலே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பருவம் முழுக்க வண்டிகள் காலியாக வந்தனவாம். அதற்குப் பிறகு வாரியம் கூடி, திருப்தியடையாதவர்களை இறக்குவதில்லை என்று முடிவெடுத்தது. குறை சொல்பவர்கள் கீழே ஒருவர்கூட இல்லாமல் போனார்கள். மலையின் புகழ் மலையைவிட உயரமாக வளர்ந்தது.

"பார்த்தேன் திருப்தி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள் மனைவி. முத்திரை விழுந்தது.

"நான் பார்க்கலைங்க" என்றார் கிடங்குக்காரர்.

சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர் நிமிர்ந்தார். அந்த வார்த்தையை அவர் பயிற்சி வகுப்பில் கேட்டதோடு சரி. சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இவர் இன்னும் தெளிவாக, பார்க்கவில்லை என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள், தொற்றிக்கொள்ளும் என்பது போல.

மனைவி அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரே ஒரு வார்த்தைங்க. சொன்னா பல்லு வலிக்குமா?"

"சரக்கே வரலை. வந்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"இது சரக்குப் பெட்டி இல்லைங்க. மலை."

"அதான் சொல்றேன். பெட்டியாவது சின்னது, எங்கயாவது காணாமப் போகும். மலை எப்படிக் காணாமப் போகும்?"

"அங்க பொண்ணு வலியில துடிக்கிறா. நீங்க மலையைத் தேடிக்கிட்டு நில்லுங்க" என்றாள் அவள். சாயங்கால வண்டியில் தான் போவது உறுதி, அதற்குள் அவருக்கு மலை தெரிந்தால் கூட வரலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளை நடக்கப் பழகிய பிறகு வந்து பார்க்கலாம் என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்கமாட்டார்.

வாரியம் சுறுசுறுப்பானது. அன்று மாலையே தலைவர் முன்னிலையில் விசாரணை என்று அறிவித்துவிட்டு, அதுவரை அவரை மறுநோக்கு இல்லத்தில் உட்கார வைத்தார்கள். திருப்தியடையாதவர்கள் தங்குவதற்காக வாரியம் நடத்தும் இல்லம் அது. சாப்பாடு இலவசம், படுக்கை இலவசம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஜன்னல் மட்டும் கிடையாது. பார்வைக்குப் பழுது உள்ளவர்களுக்கு ஜன்னல் ஆகாதாம்.

அங்கே ஒரே ஒருவர் இருந்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. வாரியத்தில் எல்லோரும் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டார்கள். காரணத்தைக் கேட்டார் கிடங்குக்காரர். தேனிலவுக்கு வந்தேன் என்றார் மாப்பிள்ளை. மனைவி இரண்டாம் நாளே மலையைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாளாம். இவருக்குத்தான் தெரியவில்லையாம். கொஞ்ச நாள் கடிதம் போட்டாளாம். பிறகு அவளுக்குக் கல்யாணம் என்று அழைப்பு வந்ததாம். போக முடியவில்லை, முத்திரை இல்லையே என்றார். கத்தி நிற்காமல் உரித்துக்கொண்டே இருந்தது.

"பார்த்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

"முதல்ல வீம்பு சார். அப்புறம் சமையல் பழகிருச்சு."

கிடங்குக்காரருக்கு மனைவியின் கையில் முத்திரை ஏறியிருந்த வேகம் நினைவுக்கு வந்தது.

பிற்பகலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வாரியத்தின் சொந்த டாக்டர். சுவரில் எழுத்துப் பலகைக்குப் பதிலாகச் சிகரப் பலகை. மேல் வரிசையில் பெரிய சிகரம், கீழே போகப் போகச் சின்னச் சின்னச் சிகரங்கள். கிடங்குக்காரர் கடைசி வரிசை வரை தப்பில்லாமல் சொல்லிவிட்டார். டாக்டரின் முகம் மாறியது. வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டார். பனி தெரிகிறது என்றார் இவர்.

டாக்டர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். நல்ல பார்வை உள்ளவர்களுக்குப் பனி தெரியாதாம், மலைதான் தெரியுமாம். பனி தெரிவதுதான் நோயே. அதுவும் இவருக்கு இரண்டு கண்ணிலும் தெளிவாகத் தெரிகிறது, முற்றிய நிலை என்றார். டாக்டருக்கு எப்படித் தெரிகிறது என்று இவர் கேட்டார். அதற்கு டாக்டர், தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் மேடைக்குப் போவது வழக்கம் என்றார்.

திரும்பி வரும் வழியில் கிடங்குக்காரரின் மூக்கு வேலை செய்தது. பனியில் விறகு வாசனை வந்தது. கிடங்கில் வேலை பார்த்தவருக்கு மூக்குதான் முதல் சாவி. கெட்டுப்போன சரக்கை மூடியைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பார். துணைக்கு வந்த காவலர் பீடி பற்றவைக்க ஒதுங்கிய நேரத்தில் வாசனை பிடித்துக்கொண்டு நடந்தார். புதருக்குப் பின்னால் நீண்ட கொட்டகை. உள்ளே வரிசையாகக் கொதிகலன்கள். ஒவ்வொன்றின் கீழும் தீ. மூடியில்லாத வாய்களிலிருந்து ஆவி புஸ்ஸென்று எழுந்து, கூரைத் துளைகள் வழியாக மேலே போய், வெளியே பனியோடு பனியாகக் கலந்துகொண்டிருந்தது.

இது என்ன என்று தீ தள்ளுகிறவரைக் கேட்டார். பனி அகற்றும் பிரிவு என்றார் அவர், பெருமையாக. சூடு பட்டால் பனி கரையும் அல்லவா. அதனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து மலைக்குச் சூடேற்றுகிறோம். முதலில் ஒரு கொதிகலன்தான் இருந்ததாம். பனி குறையவில்லையாம். இன்னொன்று வைத்தார்களாம். பனி இன்னும் கூடியதாம். நல்லவேளை, சுதாரித்துக்கொண்டு வரிசையாக வைத்துவிட்டோம், இல்லாவிட்டால் பனி என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார்.

கிடங்குக்காரர் யோசித்துத்தான் பார்த்தார். பனி இவர்கள் செய்வது. படம் இவர்கள் வரைவது. கண் டாக்டர் இவர்கள் ஆள். எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்த்தாகிவிட்டது, உள்ளே வைக்கோல்தான். மலை என்று ஒன்றே இல்லை. வண்டி வளைந்து வளைந்து ஏறியதே என்று மனம் கேட்டது. ஏதாவது ஒரு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பான், கண்டோமா என்று பதிலும் சொல்லிக்கொண்டது. சந்தேகம் ஒரு தடவை சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால்தான் எழுந்திருக்கும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இல்லாத மலைக்காக இருக்கிற மகளை விட்டுக்கொடுப்பதா? மாலையில் விசாரணை மண்டபத்தின் வெளித் தாழ்வாரத்தில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் முடிவுக்கு வந்துவிட்டார். பொய் சொல்வது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரிக்காத பெட்டிக்கு ‘வந்து சேர்ந்தது’ சொல்வது. அதை மனைவியிடம் சொன்னார். அவள் மடியிலிருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தி, அவர் சாய்ந்துகொள்ள இடம் விட்டாள்.

திருப்தியடையாத ஒருவரை விசாரிக்கும்போது எல்லாப் பிரிவினரும் மண்டபத்தில் ஆஜராக வேண்டும் என்பது வாரிய விதி. விளக்குநர் உள்ளே போனார். டாக்டர், சாளரத்துப் பெண், புகைப்படக்காரர் எல்லோரும் போனார்கள். தீ தள்ளுகிறவர்களும் கைகளைத் துடைத்துக்கொண்டே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஆரம்ப உரை நடந்துகொண்டிருந்தது. நீண்ட உரை.

வெளியே ஏதோ மாறியது. முதலில் அவர் காதில்தான் பட்டது. காலையிலிருந்து எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்த புஸ் என்ற சத்தம் நின்றிருந்தது. விறகு வாசனை மெலிந்தது. எதிரே சமையல்கட்டின் புகைபோக்கி தெரிந்தது. பிறகு அதற்குப் பின்னால் துணிக்கொடி. அதற்குப் பின்னால் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் பாறை. பாறை முடிந்துவிடும் என்று பார்த்தார், முடியவில்லை. கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டே போனது. சமையல்கட்டுக்கு நேர் பின்னால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, ஒற்றை மலை நின்றது. மூன்று இல்லை, ஒன்றே ஒன்று. கன்னங்கரேலென்று, யாருக்கும் தலை குனியாமல், உச்சியில் மட்டும் கடைசி வெயிலை வைத்துக்கொண்டு நின்றது.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுதானா அது என்று மெதுவாகக் கேட்டாள். அவருக்கு அந்த ஒரு முறை எதையும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கதவு திறந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மனைவியும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

மண்டபத்தின் ஜன்னல்களை எல்லாம் மூன்று சிகர ஓவியங்களால் அடைத்திருந்தார்கள். நடு ஆசனத்தில் வாரியத் தலைவர். பஞ்சுபோல நரைத்த தலை, கனிவான முகம். அவர் இருமினாலும் குறிப்பெடுப்பதற்கு ஆள் இருந்தார்.

"ஐயா, மலையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் கிடங்குக்காரர். பொய் சொல்லத் தயாராகி வந்தவருக்கு உண்மை வாயில் தித்தித்தது. "நல்லாப் பார்த்தேங்க. மனசு நிறைஞ்சு போச்சு."

மண்டபம் பெருமூச்சு விட்டது. சாளரத்துப் பெண் முத்திரையை மையில் ஒற்றினார். அத்தோடு விட்டிருக்கலாம். விளக்குநருக்கு மட்டும் ஆசை அடங்கவில்லை. தான் காட்டிய சிகரங்களில் எது மிகவும் பிடித்தது என்று கேட்டார். கிடங்குக்காரர் வந்த சரக்கை உள்ளபடி சொல்பவர். சொல்லிவிட்டார். மூன்று இல்லை, ஒன்று. மேடைப் பக்கம் இல்லை, சமையல்கட்டுப் பக்கம். கோல் நீட்டுகிற திசைக்கு நேர் எதிர்த்திசை.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

விளக்குநர் எழுந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா இத்தனை காலம் நான் பேசினேன் என்று கேட்டார். புகைப்படக்காரர் திரையைப் பற்றிக் கவலைப்பட்டார். டாக்டர் இது பனிநோயின் அடுத்த கட்டம் என்றார். ஒரே ஒரு குரல் மட்டும் கொஞ்சம் வேறாக ஒலித்தது. வெளியே பத்தடி நடந்து எட்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்றார் ஒரு தீ தள்ளுகிறவர்.

தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். பிறகு பேசினார்.

"தம்பி சொல்றது சுலபம். எட்டிப் பார்க்கலாம். ஆனா பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்னா அதுக்குக் கண்ணு போதுமே, வாரியம் எதுக்கு? கண்ணு ஆளுக்கு ஆள் மாறும். நம்ம வாரியம் என்னைக்காவது மாறியிருக்கா? மக்கள் மலையை நம்பி இங்க வரலை, நம்மளை நம்பித்தான் வர்றாங்க. நம்பி வந்தவங்களை மலையோட தயவுல விடலாமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இருந்தாலும் நியாயம் தவறக்கூடாது என்பதால், சமையல்கட்டுக்குப் பின்னால் சென்று பார்த்து வர ஒரு குழு அமைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. குழுவில் யார் யார் என்று விவாதித்தார்கள். குழுத் தலைவருக்குக் கோல் உண்டா இல்லையா என்று விவாதித்தார்கள். இதற்கிடையில் கொதிகலன்களின் தீ அணைந்துபோயிருக்கும் என்று நினைவு வந்த பனி அகற்றும் பிரிவின் தலைமையாள், பனி வந்துவிட்டால் குழு எப்படிப் பார்க்கும் என்ற நல்லெண்ணத்தில், தன் ஆட்களை அவசரமாகக் கொட்டகைக்கு அனுப்பினார். அவர்களும் தலை நிமிராமல் ஓடி, விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் விறகை அள்ளிப் போட்டார்கள். குழு போய்விட்டு வந்தது. வழக்கம்போல எதுவும் தெரியவில்லை, எனவே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அறிவித்தது.

கிடங்குக்காரர் நொந்துபோனார். பொய் சொல்ல வந்தபோது கதவு திறந்திருந்தது. உண்மையைச் சொன்னதும் தாழ் விழுந்துவிட்டது. வெளியே வண்டியின் ஒலிப்பான் கேட்டது. மனைவி எழுந்து நின்றாள். போகப் போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் நேராகத் தலைவரின் மேசைக்குப் போய், முத்திரை விழுந்த கையை நீட்டினாள்.

"காலையில பார்த்தேன்னு சொன்னேன், அது பொய்ங்க. அதுக்கு முத்திரை போட்டீங்க. இப்ப இவரோட நானும் நிஜமாப் பார்த்தேன். அவரை நிறுத்தி வைக்கிறதுன்னா என்னையும் நிறுத்தி வைங்க. உங்க விடுதிக்கு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் மலை எந்தப் பக்கம்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்கு வேற வேலை இல்லை."

தலைவர் மண்டபத்தைக் கலையச் சொன்னார். எல்லோரும் போன பிறகு, தானே முத்திரையை எடுத்துக் கிடங்குக்காரரின் மணிக்கட்டில் அழுத்தினார். இந்த மாதிரி ஆட்கள் மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதுதான் வாரியத்துக்குப் பாதுகாப்பு என்று விளக்கினார். கீழே போய் அவர்கள் என்ன சொன்னாலும் கவலையில்லையாம். அங்கே வீட்டுக்கு வீடு மூன்று சிகரப் படம் மாட்டியிருக்கிறதாம். யார் நம்புவார்கள்?

அவரே வாயில்வரை கூட வந்தார். பனி முன்னைவிடக் கெட்டியாக இறங்கியிருந்தது. பக்கத்தில் நடப்பவரின் முகமே கலங்கலாகத் தெரிந்தது. மனைவி ஓடிப்போய் வண்டியில் ஏறி, இடம் பிடித்து, ஓட்டுநரைக் கிளம்பவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிடங்குக்காரர் படியில் கால் வைத்தார். பின்னாலிருந்து யாரோ சட்டைக்கையைப் பிடித்தார்கள்.

தலைவர்தான். வாயில்காவலர் தூரத்தில் இருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சமையல்கட்டு இருந்த திசையை மட்டும் பார்க்கவில்லை. பிறகு காதருகே குனிந்தார்.

"சார், இந்த வாரியத்துலயே என் தலை நரைச்சுப் போச்சு. யார்கிட்டயும் கேட்க முடியலை, உங்ககிட்டதான் கேட்கிறேன்... நிஜமாவே இங்க மலை இருக்கா?"